மழைக்குழியைத் திறந்து பார்ப்போமா?



அண்மையில் சென்னைப் புறநகரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பேச்சு தண்ணீர்த் தட்டுப்பாட்டை நோக்கித் திரும்பிற்று. "உங்கள் வீட்டு மழைநீர்க் குழி எங்குள்ளது?" என வினவினோம். வீட்டுத் தலைவர் சற்று யோசித்து, "அந்தத் துவைகல்லுக்குக் கீழேதான் எங்கோ இருக்க வேண்டும், சுவாமி" என்றார்.

சட்டத்திற்கு அஞ்சித் தோண்டிய குழி அது. கடும் வறட்சி நிலவிய 2003ஆம் ஆண்டில், தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற வேறுபாடின்றி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. தவறினால் உள்ளாட்சியே அதனை அமைத்து, செலவைச் சொத்து வரி போல் வசூலிக்கலாம் என்றும் விதித்தது. அவ்வாண்டு வீடுதோறும் குழாயும் குழியும் தோன்றின. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நல்ல மழையும் பெய்ய, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது.

பின்னர் நாம் மறந்துபோனோம். ஜல்லியிலும் மணலிலும் சேறு படிந்தது, குழி மூடிக்கொண்டது. 2019 ஜூன் திங்களில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நெம்மேலியில் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது, நன்றே. ஆயின் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் அதற்கு வேண்டும். மழையோ மின்சாரம் கேட்பதில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அக்கணக்கில், 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர்!

"எங்களுக்குத்தான் லாரித் தண்ணீர் வருகிறதே" எனச் சிலர் கூறலாம். நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் கிடையாது. நம் குழியில் இறங்கும் மழை அண்டை வீட்டுக் கிணற்றுக்கும், தெருக்கோடி அடிகுழாய்க்கும் ஊறிச் செல்லும். லாரித் தண்ணீரை விலைகொடுத்து வாங்க வழியற்ற தாய், குடத்துடன் அந்த அடிகுழாயையே நம்பி நிற்கிறாள். நம் குழி அடைபட்டால் முதலில் வற்றுவது அவள் குடமே. இதனை எந்த அதிகாரியும் வந்து நமக்கு எடுத்துரைக்கப் போவதில்லை. நம் மனச்சான்று உரைக்க வேண்டும்.

வேலை பெரிதன்று. ஐப்பசி பிறக்குமுன் மாடியைப் பெருக்குங்கள். குழாயில் அடைத்த சருகை அகற்றுங்கள். குழியிலுள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து, கழுவி, மீண்டும் இடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையைக் குழிக்குத் திருப்புங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். குழி எங்குள்ளது என்பதை அவர்களேனும் அறிந்திருக்கட்டும்.

அந்த இல்லத்துத் துவைகல்லை நகர்த்த இருவர் போதும். வரும் சனிக்கிழமை நாமும் கைகொடுப்பதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.