சாவி வேறு, அனுமதி வேறு

மின்னஞ்சல்களைப் படித்து, அவசரமானவற்றைப் பிரித்து, சுருக்கிச் சொல்லும் 'ஏ.ஐ. ஏஜெண்ட்' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது பரவலாக வந்துவிட்டன. நாள் முழுவதும் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு, கூட்ட நெரிசலில் நின்றபடியே வீடு திரும்பும் குமாஸ்தாவுக்கு இது பெரிய உதவிதான். வங்கிக் கடிதம் எது, ஊருக்குப் போக எடுத்த ரயில் டிக்கெட் எது, வெறும் விளம்பரம் எது என்று அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வசதி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஏஜெண்டை அஞ்சல் பெட்டிக்குள் எந்த வழியாக விடுவது என்பதுதான் கேள்வி.

பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது ஒரு வழி. அது தவறான வழி. பாஸ்வேர்டு என்பது வீட்டுச் சாவி. கடிதம் எடுத்துத் தர வந்தவனிடம் சாவியையே கொடுத்தால், அவன் பீரோவையும் திறக்கலாம். நாளை அவன் வேண்டாம் என்றால் பூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. 'ஓ-ஆத்' என்னும் முறையின் இரண்டாம் பதிப்பு 2012-ல் வெளியாயிற்று. இதன்படி, கணக்குக்கு உரியவர் தம் பாஸ்வேர்டை அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் பக்கத்தில் மட்டுமே தருகிறார். அந்த நிறுவனம் ஏஜெண்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வழங்குகிறது. எதைச் செய்யலாம் என்பது அந்தச் சீட்டில் வரையறுக்கப்பட்டிருக்கும். வேண்டாதபோது சீட்டை மட்டும் ரத்து செய்துவிடலாம். பயனரின் சாதாரண பாஸ்வேர்டைக் கொண்டே வெளிச் செயலிகள் உள்ளே நுழையும் வழியை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதத்தில் கூகுள் அடைத்துவிட்டது.

சாவி போய்ச் சீட்டு வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஜிமெயிலில் கடிதங்களைப் பார்க்க மட்டும் ஓர் அனுமதி உண்டு. படிக்கவும், எழுதவும், அனுப்பவும், நிரந்தரமாக அழிக்கவும் சேர்த்து வேறோர் அனுமதியும் உண்டு. சுருக்கம் சொல்லும் வேலைக்கு முதலாவதே போதும். இரண்டாவதைக் கேட்கும் ஏஜெண்டிடம் காரணம் கேட்க வேண்டும்.

'படிக்கத்தானே போகிறது' என்ற அலட்சியமும் ஆகாது. மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புகள் அதே பெட்டிக்குத்தான் வருகின்றன. மேலும், ஏஜெண்டை ஏமாற்றவும் முடியும். கடிதத்துக்குள் யாரோ ஒளித்து வைத்த கட்டளையை, உரியவரே சொன்னதாக எண்ணி அது நிறைவேற்றிவிடலாம். மைக்ரோசாஃப்டின் 'கோபைலட்' உதவியாளரில் இத்தகைய குறை ஒன்று இருந்தது 2025 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. பெறுபவர் எதையும் அழுத்தாமலே, வந்த ஒரு கடிதத்தின் வழியாகத் தகவல் வெளியே கசிய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. ஆனால் அதன் பாடம் நிற்கிறது. ஆகவே, படிக்கும் ஏஜெண்டுக்குக் கடிதம் அனுப்பும் அதிகாரத்தை அவசியமின்றித் தரக் கூடாது.

இதில் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்பது தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ அதைப் படிக்கும் வாய்ப்பு வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் வாழும் தமிழருக்கு, மாநில எல்லையைத் தாண்டியதால் இந்த உரிமை இல்லாமல் போய்விடாது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது.

இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. நல்ல நிறுவனம் கெடு முடியும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. புரியாத திரையில் வாங்கும் சம்மதம், படிக்கத் தெரியாதவரிடம் வெற்றுத் தாளில் வாங்கும் கைநாட்டுக்குச் சமம்.

பயன்படுத்துவோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. பாஸ்வேர்டை எந்த ஏஜெண்டிடமும் சொல்லக் கூடாது. அலுவலக அஞ்சலை மேலதிகாரியின் அனுமதியின்றி இணைக்கக் கூடாது. அதில் உள்ளவை ஊழியரின் சொந்தச் செய்திகள் அல்ல. மாதம் ஒருமுறை கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தேவையற்றதை நீக்கிவிட வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்தைக் காக்கக் காட்டும் எச்சரிக்கையை, அந்தப் பணத்துக்கு வழி காட்டும் கடிதங்களைக் காப்பதிலும் காட்ட வேண்டும்.