விலைக்கு வாங்கிய புகழ் சோறு போடாது

கடை திறப்பவர் அதனை ஊருக்கு அறிவிக்க உரிமையுடையவர். முன்னர் அதற்குத் துண்டுப்பிரசுரமும் ஒலிபெருக்கியும் பத்திரிகை விளம்பரமும் வேண்டியிருந்தன. பணமுள்ளவர் குரலே ஓங்கிற்று. இன்றோ முகநூலும் டிக்டொக்கும் அந்நிலையை மாற்றிவிட்டன. திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்திற் போலப் பெண்கள் பாரம்பரிய உணவுகளை ஆக்கி விற்கும் சிறு கடையும், தன் அடுப்படியைப் பெருஞ்செலவின்றி உலகுக்குக் காட்டலாம். இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் ஒன்று கேட்போம். கூலி பெற்று, அதனை மறைத்து, "இதுபோற் சுவை எங்கும் கண்டிலேன்" என்று ஒருவர் காணொளியிற் கூறுவது விமர்சனமாகுமா? உண்ணாத உறவினரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் இடுவிப்பது மதிப்பீடாகுமா? ஒருபோதும் ஆகாது.

2017 ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்ததை நினைவிற் கொள்வோம். ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், தாம் வாழ்ந்த தோட்டக் கொட்டிலை உணவகமென்று டிரிப்அட்வைசர் தளத்திற் பதிந்தார். அங்கே உணவகமே இல்லை. சவர நுரையை உணவுபோல் அலங்கரித்துப் படமெடுத்தார். நண்பர்களைக் கொண்டு பொய்ப் பாராட்டு எழுதுவித்தார். சில மாதங்களில் அக்கொட்டில் அத்தளத்தில் இலண்டனின் முதலாவது உணவகமாயிற்று!

இலங்கையிலே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி பாவனையாளரை ஏமாற்றும் நடத்தையைத் தடுக்கிறது. பத்திரிகையில் ஏமாற்றினாரா, முகநூலில் ஏமாற்றினாரா என்ற பேதம் அப்பிரிவில் இல்லை. நட்டமோ உண்பவரோடு நிற்பதில்லை. அயலிலே நேர்மையாய் அடுப்பெரிக்கும் சிறு கடைக்காரர் வாடிக்கையை இழக்கிறார்; அவருக்கு மரக்கறி கொடுக்கும் கமக்காரரும் விற்பனையை இழக்கிறார்.

ஆதலின் கடைக்காரர்களுக்குச் சொல்வோம்: இன்றைய உணவு எது, விலை என்ன, வாழைப்பழம் நீர்வேலியில் விளைந்ததா, கத்தரிக்காய் எவ்வூர்த் தோட்டத்தது என்பவற்றை நாள்தோறும் அறிவியுங்கள். கமக்காரர் பெயரும் அதனால் விளங்கட்டும். குறை கூறுவோரை ஏசாது குறையைத் திருத்துங்கள். கூலி கொடுத்துப் பேசுவித்தால், "இது விளம்பரம்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

படித்தோருக்கும் கடமையுண்டு. நல்ல சோறு உண்டால், உண்மையை இரண்டு வரி எழுதுங்கள். அச்சிறு கடைக்கு அதுவே பெருந்துணை.

படம் ஒருமுறை அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது சோறே.