கோடியக்கரையிலிருந்து பி.காம்: முதல் வருஷத்துக்குச் சில கணக்குகள்

ஜூன் மாதம் வந்தாலே அறிவுரை சீசன் தொடங்கிவிடும். காலேஜ் சேரப்போகிற பிள்ளை கண்ணில் பட்டால் போதும், பெரியப்பாவில் ஆரம்பித்து செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர் வரை ஆளுக்கு ஒன்று எடுத்து விடுவார்கள். முதல் பெஞ்சில் உட்காரு. கெட்ட சகவாசம் வேண்டாம். லைப்ரரிக்குப் போ. இங்கிலீஷ் பேப்பர் படி. எதையும் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் இவையெல்லாம் டவுனில் வீடு இருந்து, டவுன் பஸ்ஸில் போய் வந்து, சாயங்காலம் அம்மா கையால் டிபன் சாப்பிடுகிற பிள்ளைகளுக்காகத் தயாரான அறிவுரைகள். கோடியக்கரையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு பி.காம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதில் பாதி உதவாது.

கோடியக்கரை எங்கே என்று கேட்பவர்களுக்கு: மேப்பில் காவிரி டெல்டா கடலுக்குள் மூக்கை நீட்டுகிறதே, அந்த மூக்கின் நுனி. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலி ஊர். பறவை பார்ப்பவர்களுக்குப் பூநாரை ஊர். அங்கேயே இருப்பவர்களுக்கு மீனும், சற்றுத் தள்ளி வேதாரண்யம் பக்கத்து உப்பளமும்தான் பிழைப்பு. வேதாரண்யத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கும்போது ஏன் சிதம்பரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளூரில் விரும்பிய பாடம் கிடைத்தால் தாராளமாக அங்கே சேரலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. இந்தப் பதிவு, தூரமாகப் போவது என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைகளுக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பிள்ளையின் முதல் எதிரி பாடம் இல்லை, இங்கிலீஷும் இல்லை. காலண்டர்! வீட்டில் ஒரு காலண்டர் ஓடுகிறது, பல்கலைக்கழகத்தில் வேறொரு காலண்டர் ஓடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை.

கோடியக்கரையில் மீன் சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை. வெளியூர்ப் படகுகள்கூட அப்போது வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்கும். கையில் காசு புரளுவது அந்த மாதங்களில்தான். பல்கலைக்கழகமோ ஜூன், ஜூலையில் அட்மிஷன் ஃபீஸ், ஹாஸ்டல் கட்டணம், மெஸ் டெபாசிட் என்று வரிசையாகக் கேட்கும். அதாவது சீசன் முடிந்து, மிச்சமும் கரைந்து போன பிறகு. உப்பளத்து வீடுகளில் கதை கொஞ்சம் வேறு. ஜனவரிக்கு மேல் பாத்தி கட்டி, கோடை வெயிலில் உப்பு வாரும் வேலை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வு வரும். வீட்டில் ஒரு கை குறைந்தாலும் தெரியும். "ரெண்டு நாள் வந்துட்டுப் போப்பா" என்று போன் வரும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு பணத்துக்கு ஓடினால் கந்துவட்டிதான். சீசன் நடக்கும்போதே, பிப்ரவரி, மார்ச்சிலேயே, ஜூலைக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி வீட்டில் பேசிவிட வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை அப்பாவிடம் இதைப் பேசுவது கஷ்டம்தான். ஆனாலும் அட்டைப்பெட்டியில் புத்தகம் அடுக்குவதைவிட இந்தப் பேச்சு முக்கியம்.

ஹாஸ்டல் கட்டணம் கட்டவே முடியாது என்றால் அரசு நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. 2025-ல் அவற்றுக்கு சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியது. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். இடம் குறைவு, விண்ணப்பிக்க நாளும் குறைவு. அட்மிஷன் போட்ட அன்றே விசாரிக்க வேண்டிய விஷயம் இது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடுத்த வருஷம்தான்.

இனி வருகைப்பதிவு. காமர்ஸ் மாணவனுக்குக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுதப் பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். அப்படியானால் லீவு போடக் கையில் இருப்பது 22 நாள். கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம், நாகப்பட்டினம், காரைக்கால், சீர்காழி தாண்டி சிதம்பரம். நூறு கிலோமீட்டருக்கு மேல், பஸ் மாறி மாறி அரை நாள் ஓடிவிடும். (2023-ல் அகத்தியான்பள்ளி வரை அகல ரயில் பாதை வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் திருத்துறைப்பூண்டியில் தொடங்கி வண்டி மாறித்தான் சிதம்பரம் போக வேண்டும்.) வாராவாரம் ஊருக்குப் போகிற பிள்ளை திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்து சேராது. 90 நாளில் 18 திங்கட்கிழமை. 22-ல் 18 போனால் மிச்சம் 4. காய்ச்சல், அக்கா வளைகாப்பு, தாத்தா காரியம் எல்லாம் அந்த நாலுக்குள் அடங்க வேண்டும்! கொஞ்சம் குறைந்தால் மெடிக்கல் சர்டிபிகேட் வைத்து அபராதம் கட்டித் தப்பிக்கலாம். ரொம்பக் குறைந்தால் அந்த செமஸ்டரே போச்சு.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டவுன் சீனியர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது நேர்ந்திருக்காது. மழை விடுமுறையை மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர்தான் அறிவிப்பார். கோடியக்கரை இருப்பது நாகை மாவட்டம், சிதம்பரம் இருப்பது கடலூர் மாவட்டம். நவம்பரில் தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போன பிள்ளை, நாகை மாவட்டத்துக்கு லீவு என்று டி.வி.யில் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும். அதே நேரம் சிதம்பரத்தில் வெயிலடிக்கும், வகுப்பு நடக்கும், ரெஜிஸ்டரில் அதன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழும். காட்டு வழியே வருகிற ஒரே ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை என்றால் அந்த ரெஜிஸ்டருக்கு அது தெரியாது.

மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் கஜா புயலை நினைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன, பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, செல்போன் செத்துப்போனது. நவம்பர் என்பது செமஸ்டர் தேர்வு மாதம். தேர்வு தள்ளிப்போனதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளவே வழியில்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது? ஆகவே அக்டோபர் கடைசியில் இருந்து தேர்வு முடியும் வரை ஹாஸ்டலை விட்டு நகரக்கூடாது. தீபாவளி உட்பட. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். அம்மா அழுவார்கள். பலகாரத்தைப் பார்சல் அனுப்பச் சொல்லலாம்.

அப்படியே போக நேர்ந்து மாட்டிக்கொண்டால், நெட்வொர்க் கிடைத்த முதல் நிமிஷம் வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். திரும்பி வந்த முதல் நாளே துறைத்தலைவருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, அதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் வாய்ச்சொல்லுக்கு ஆயுசு ரொம்பக் குறைவு.

காகிதம் என்று வந்ததால் சர்டிபிகேட் பற்றியும் ஒரு வார்த்தை. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாம் இ-சேவை மையத்தில் மே மாதமே வாங்கிவிடலாம். அட்மிஷன் கவுண்டருக்குப் பத்து செட் ஜெராக்ஸோடு போக வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் போன்ற அசல்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. பயப்படாமல், மரியாதையாக, திரும்பக் கேட்கலாம். ஓட்டு வீட்டுப் பரணில் மஞ்சள் பையில் சர்டிபிகேட் வைக்கிற பழக்கத்தைக் கஜாவோடு விட்டுவிடுவது நல்லது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று, டிஜிலாக்கரில் ஒன்று.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கின. இரண்டிலும் பணம் வராமல் நிற்பதற்கு ஒரு சாதாரணக் காரணம், ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கு. விடுமுறையிலேயே வங்கிக்குப் போய் இணைத்துவிட்டு, சேரும் வருஷத்தின் விதி என்ன என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஆயிரம் என்றால் சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் மெஸ் பில் கட்டிப் பழகாதவர்கள்.

ராகிங் பற்றிப் பேசாமல் அண்ணாமலை நகரைக் கடக்க முடியாது. 1996 நவம்பரில் இதே வளாகத்தின் மருத்துவக் கல்லூரியில்தான் முதலாண்டு மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். அதன் பிறகே தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2011 ஆனது. இன்று அங்கே போகிற பிள்ளை நடுங்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. "எந்த ஊருடா தம்பி?" என்று கேட்கிற சீனியர்களில் பெரும்பாலானவர்கள் பஸ் ரூட்டும் பழைய கேள்வித்தாளும் தருகிற அண்ணன்கள்தான். ஆனால் கை நீண்டாலோ, அறைக்கு வா என்று ராத்திரி அழைத்தாலோ பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை போனில் சேமித்துக்கொண்டு போகட்டும்.

கடைசியாகப் பாடம். தமிழ் வழியில் கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வந்த பிள்ளை முதல் வாரம் திருதிருவென்று முழிக்கும். அங்கே பேரேடு என்றது இங்கே லெட்ஜர். இருப்பாய்வு என்றது ட்ரயல் பேலன்ஸ். தேய்மானம், டெப்ரிசியேஷன். கணக்கு அதேதான், பெயர்தான் வேறு. ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம் என்று எழுதி வந்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் மறைந்துவிடும். கடனீந்தோர் என்றால் கிரெடிட்டர் என்பது டவுன் பையனுக்கு வெறும் வார்த்தை. சீசனுக்கு முன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, மீனாகக் கொடுத்துக் கழிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது வாசலில் வந்து நிற்கிற ஆள். இந்த விஷயத்தில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது வகுப்பில் தெரியும்.

ஆங்கில வழியில் சேர்ந்திருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தன் பாடத்துக்கு அது உண்டா என்று முதல் மாதமே கேட்டுவிட வேண்டும், தேர்வுக்கு முதல் நாள் இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டால் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல். மறைத்தால் அடுத்த அரியர் ஃபீஸையும் மறைத்துத்தான் கட்ட வேண்டும். போன பேப்பருக்கு மறுமதிப்பீடு கேட்கக் கடைசித் தேதி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நோட்டீஸ் போர்டில், யாரும் பார்க்காத ஒரு மூலையில், பழைய அறிவிப்புக்கு மேலே பாதி மறைந்தபடி ஒட்டியிருக்கும்.