குவிமாடம் திறந்த கைகள்



அண்மையில் நம் நகரில் வானியலாரைப் பற்றிய ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு என் தந்தையாரை அழைத்துச் சென்றேன். ஒக்கலிபுரத்தை விட்டு வேலைக்கன்றி வெளிக்கிளம்பாத அவர், பேரறிஞர்தம் முகங்களையும் பெருந்தொலைநோக்கிகளையும் பொறுமையோடு பார்த்தார். படங்களின் கீழே ஆங்கிலம் மட்டுமே இருந்தது. நான் படித்துச் சொன்னேன். வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, தம்பி. நம்ம காவலூரு எங்கே? ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து கூண்டைத் திறந்து மூடுறாங்களே, அவங்க படம் எங்கே?"

விடை கூற என் நா எழவில்லை.

எங்கள் குடும்பம் ஆலங்காயத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தது. சவ்வாது மலைக் காவலூரில் பெரிய குவிமாடம் எழும்பிய நாளில் கல் சுமந்தவர் என் பாட்டனார். அங்கேதான் 1986-இல், இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கி விழி திறந்தது. அதற்கு முன்பே, 1977 மார்ச் 10 அன்று, யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, கோளைச் சூழ்ந்த வளையங்கள் வெளிப்படக் காரணமான ஒளிக்குறைவைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. அதனை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருப்பதோ நம் பெங்களூரில், கோரமங்கலத்தில்! அண்டை வீட்டு விளக்கை அறியாமல் அயல்நாட்டு விண்மீனை வியக்கிறோமே, இது முறையா?

"கண்டுபிடித்தவருக்கன்றோ பெருமை? கதவு திறந்தவருக்கு அதில் என்ன பங்கு?" எனச் சிலர் கேட்கலாம். கோடைக்கானலைப் பாருங்கள். 1904 முதல் அங்கே கதிரவனைப் படம் பிடித்து வருகிறார்கள். நூறாண்டுக் கதிரவனின் மாற்றத்தை இன்று ஆராய்பவர்க்கு அப்படங்களே கருவூலம். ஒருவர் கண்டது அன்று அது. நாள்தோறும் மேகம் பார்த்து, கருவி திருப்பி, தட்டைக் கழுவிக் காயவைத்த பலர் சேர்த்தது. ஆய்வுக்கூடத்தில் இரவு கழிக்கும் நமக்கு இது தெரியாதா? உதவியாளர் கை பிசகினால் நம் ஆய்வேடு என்னவாகும்?

உதவியாளராகச் சேர்ந்தவர் கண்டுபிடிப்பாளராக உயர்ந்ததும் உண்டு. சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அதோடு நின்றாரா? 1874-இல் வெள்ளி கதிரவனைக் கடக்கவிருந்தபோது, மக்கள் அறியட்டும் என இந்திய மொழிகளில் விளக்க நூல் வெளிவரச் செய்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அவருக்கிருந்த அக்கறை, இன்று கண்காட்சி நடத்துவோர்க்கு வேண்டாவா?

அறிஞர் படங்களை அகற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை; அருகே இன்னும் சில படங்கள் மாட்டுங்கள் என்கிறேன். அறிவியல் எங்கோ யாரோ செய்வது என்று நம் தெருப் பிள்ளை எண்ணி வளர்ந்தால், இழப்பு அவனுக்கு மட்டுமன்று, அறிவியலுக்குமாகும்.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நாமே ஒரு கண்காட்சி நடத்துவோம். காவலூருக்கும் கோடைக்கானலுக்கும் சென்று, உரிய இசைவு பெற்று, அங்கு உழைப்போரைப் படமெடுப்போம். படத்தின் கீழே தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவோம். வளாகத்தில் இரு நாள் வைத்தபின் ஒக்கலிபுரத்துத் தெருவுக்கு எடுத்துச் செல்வோம். மாலையில் ஒரு சிறு தொலைநோக்கியையும் நிறுத்துவோம்.

திறப்பாளர் யார் என்று கேட்பீர்கள். கல் சுமந்தவரின் மகன் ஒருவர் இருக்கிறார். நான் அழைத்து வருகிறேன்.