உரிக்கிற கத்தி

வேட்டைக்கத்தி என்று கடைகளில் விற்கிறார்கள். மான்கொம்பு மாதிரி பிடி, தோலுறை, ஆயிரக்கணக்கில் விலை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு மானை அடித்தால் ஜெயில். அப்புறம் இந்தக் கத்தியை வைத்து எதை உரிக்கிறார்கள்? கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். ராஜாவும் ஜமீன்தாரும் வேட்டையாடிய பெருமை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுட்டது அவர்கள், உரிச்சது யாரு? அதற்கு மட்டும் பதில் வராது.

நான் சிட்லபாக்கத்துக்காரன். தண்டவாளத்தைத் தாண்டினால் குரோம்பேட்டை. 1912இல் சேம்பர்ஸ் என்கிற வெள்ளைக்காரர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேர் அது. பக்கத்திலேயே பல்லாவரம், நாகல்கேணி தோல் ஷாப்புகள். தோலைப் பதனிட்ட கம்பெனியின் பேர் ஊருக்கு நின்றது. மாட்டின் உடம்பிலிருந்து அந்தத் தோலைப் பிரித்த கைகளின் பேர் எங்கே?

அதென்ன பெரிய வேலை, கத்தி இருந்தா யாரும் உரிக்கலாம் என்பார்கள். சரி, எந்தக் கத்தி? கூர்முனைக் கத்தி முதல் கீறலுக்கு மட்டும்தான். வயிற்றின் நடுவே ஒரே கோடாக இழுத்ததும் அதைக் கீழே வைத்துவிட வேண்டும். தோலைப் பிரிக்க, முனை உருண்டு வாய் வில்லாக வளைந்த கத்தி வேண்டும். ஐந்தாறு அங்குலம் போதும். கூர்முனையால் உரித்தால் தோலில் ஓட்டை விழும், இல்லையென்றால் உள்பக்கம் பாதி ஆழத்துக்குக் கீறும். அந்தக் கீறல் பச்சைத்தோலில் லேசில் தெரியாது. பதனிட்ட பிறகு பல்லிளிக்கும். ஆட்டுக்கு முக்கால்வாசி கத்தியே வேண்டாம், முஷ்டியை விட்டுத் தள்ளினாலே தோல் கழன்றுவரும். எலும்புக்குக் கனமான வெட்டுக்கத்தி தனி.

லாரிப் பட்டையை அடித்துச் செய்த கத்தி, கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறும். ஆனால் ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். துடைச்சு எண்ணெய் தடவணும். எவர்சில்வர் கத்தி கழுவச் சுலபம்; ரொம்பக் கெட்டி இரும்பென்றால் கூர் ஏற்ற நேரமாகும். மரப்பிடி வெடித்தால் ரத்தமும் கொழுப்பும் உள்ளே தங்கும். ஈரக்கையில் வழுக்காத, விரல் வாய்ப்பக்கம் நழுவாமல் தடுக்கிற மேடு உள்ள பிடியே நல்லது. மழுங்கின கத்திதான் ஆளைக் கிழிக்கும், அழுத்த வேண்டியிருப்பதால். இத்தனையும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் கைவழியாக வந்த அறிவு. கீறல் விழுந்த தோலில் பறைகூடக் கட்ட முடியாது தோழர்களே.

1948 முதல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் தொழில்நுட்பத்துக்குப் பட்டமும் உண்டு. அதே தோலை முதலில் தொடுகிறவன் செய்தால் சாதித்தொழில், கடைசியில் தொடுகிறவன் செய்தால் டெக்னாலஜி! தோலில் வெட்டு விழுந்தால் மண்டிக்காரன் விலையைக் குறைப்பான், பழி உரித்தவன் தலையில். நல்ல கத்தி வாங்கித்தரும் பொறுப்பு மட்டும் யாருக்கும் கிடையாது.

இங்கே ஒரு கேள்வி வரும். செத்த மாட்டுக் கறியை விட்டொழிக்கச் சொல்லி 1927இல் மகாடில் அம்பேத்கர் பேசினாரே, நீ கத்திக்குப் பெருமை பாடுகிறாயா? பெருமை பாடவில்லை. 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜார் பக்கத்தில், பசுவைக் கொன்றார்கள் என்ற புரளியில் ஐந்து தலித்துகளைப் போலீஸ் சாவடியிலேயே அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே செத்த மாட்டை உரித்ததற்காக நாலு இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பதிலுக்கு நம் ஜனங்கள் சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பசு தாய் என்றால் பிள்ளைகளே எடுத்து அடக்கம் பண்ணட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அது நம்ம காலத்துப் பெரிய கலகம்.

பறையைத் தூக்கி எறிவதா, கலையாக எடுத்துக்கொள்வதா என்று நாம் விவாதித்தோம். கத்தி விஷயம் இன்னும் கறாரானது, ஏனென்றால் இது வயிற்றோடு சம்பந்தப்பட்டது. ஊர்க் கடமையாக, ஓசியாக, ‘டேய்’ என்று கூப்பிட்டால் உரிக்கவே கூடாது. கசாப்புத் தொட்டியிலோ கறிக்கடையிலோ கூலிக்குச் செய்தால் அது தொழில். தொழிலாளி என்றால் தரமான கத்தி, கையுறை, வெட்டுக்காயத்துக்கும் அடைப்பான் போன்ற நோய்களுக்கும் வைத்தியச் செலவு, கறாரான கூலி, எல்லாமே முதலாளி பொறுப்பு. இரண்டும் ஒரே அரசியல்தான். கத்தியைக் கீழே போட உரிமை இல்லாதவனுக்கு நல்ல கத்தி கேட்கவும் வாய் வராது.

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ‘எலும்பில்லாம போடுப்பா’ என்று சொல்லிவிட்டு வராமல், அந்த அண்ணனிடம் கேளுங்கள்: கத்தி யாருதுண்ணா? யார் வாங்கிக் கொடுத்தா? கை வெட்டினா வைத்தியச் செலவு யாரு பார்ப்பா? பதில்களை எழுதிவையுங்கள். நாளைக்கு வைக்கப்போகிற கோரிக்கைப் பட்டியலை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.