கணுக்கால் நனைந்தால் போதுமா?



நான் மதுரையைச் சேர்ந்த இல்லத்தரசி. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் தெருப் பெண்கள் பதினான்கு பேர் தினமும் காலையில் ஒன்றாக நடைப்பயிற்சி போவோம். "எத்தனை நாளைக்குத்தான் இதே தெருவைச் சுத்துறது? ஒரு நாள் கடற்கரையோரமா நடந்துட்டு, கடல்ல குளிச்சிட்டு வருவோமே" என்று ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள். கோயில், கல்யாணம் தவிர வேறெதற்கும் சேர்ந்து போயறியாத எங்களுக்கு அது பெரிய விஷயம். வீட்டில் சம்மதம் வாங்கி, இட்லி அவித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு வேனில் கிளம்பினோம்.

பாம்பன் பாலத்தில் சூரியோதயம் பார்த்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பி, அங்கிருந்து வடக்குக் கடலோரமாக அரியமான் கடற்கரை வரை நடப்பது என்று திட்டம். வெயில் முதுகில்தான் அடித்தது. வலது கைப் பக்கம் கடல், குளம் மாதிரி கிடந்தது. மூங்கில் மிதவை கட்டி அதில் கடல்பாசி வளர்க்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அந்த வேலையைச் செய்கிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். மூட்டுவலி என்று தினமும் புலம்புகிற அக்காகூட அன்றைக்கு முன்னால் நடந்தார். பேச்சும் சிரிப்புமாக நேரம் போனதே தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது பெண்கடலும் சீறும். மாசி, பங்குனியில் அடங்கிவிடும். அலையில்லாத கடல்தானே என்ற தைரியத்தில், அரியமான் வந்ததும் கட்டிய சேலையோடு எல்லோரும் இறங்கிவிட்டோம். கரையில் காவலுக்கு ஒருவர்கூட இல்லை. இதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

எதிர்வீட்டு மதினி இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி என்று தள்ளிப் போனார். இடுப்பளவுத் தண்ணீர்தான். காலடியில் மணல் சரிந்திருக்கிறது; உட்கார்ந்த மாதிரி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தரை மீட்டர் சேலையும் உள்பாவாடையும் தண்ணீரைக் குடித்து இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. விளையாடுகிறார் என்று நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம்! தலை இரண்டாவது தடவை உள்ளே போன பிறகுதான் உறைத்தது. நான் பாய்ந்தேன். என் சேலை என்னையே இழுத்துத் தள்ளியது.

பக்கத்தில் பாசி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கிருந்துதான் வந்தாரோ! மதினியின் கொண்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சேலையை முழங்காலுக்கு மேல் இறுக்கிச் செருகி, மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார். "ஏந்தாயி, சேலையைத் தழையத் தழையக் கட்டிக்கிட்டு கடல்ல எறங்கலாமா? நீச்சத் தெரியாத பொம்பளைக்கு இடுப்புத் தண்ணியும் ஆழந்தான்" என்றார். பத்து வயதிலிருந்தே தெற்குக் கடலில் முங்கிப் பாசி எடுத்தவராம். அந்தத் தொழில் செய்யும் பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் 'சீகாலஜி' என்ற சர்வதேச விருது கிடைத்தது. படித்த நாங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுக்கிறோம். படிக்காத அவர்கள் கடலுக்குள் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

திரும்பி வரும்போது வேனில் ஒரு தீர்மானம் போட்டார்கள். "வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா இனிமே வாசப்படி தாண்ட விடமாட்டாங்க." நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஊர் பெயரோடு நிறுத்தி, என் பெயரைச் சொல்லாமல் இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். மறைத்துவிட்டால் மதினிக்கு நடந்தது நாளைக்கு இன்னொரு வீட்டில் நடக்கும். வீட்டு ஆண்களிடம் நான் கேட்க நினைப்பது இதுதான்: தப்பு, பெண்கள் கடலுக்குப் போனதா, நீச்சல் தெரியாமல் போனதா?

எனக்கு எட்டு வயதில் நீச்சல் தெரியும். கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அப்பா இறக்கிவிட்டார். வயசுக்கு வந்த அன்றோடு கிணறு எனக்கு மூடிவிட்டது. என் தம்பி மட்டும் குதித்துக்கொண்டே இருந்தான். நாற்பது வருஷத்தில் என் கை கால் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. என் மகளுக்கோ நீச்சல் என்றால் டி.வி.யில் பார்ப்பதோடு சரி. கராத்தே, பரதநாட்டியம், ஹிந்தி எல்லாவற்றுக்கும் பணம் கட்டினேன். இதற்கு மட்டும் தோன்றவே இல்லை.

இது பொழுதுபோக்கு விஷயமில்லை சகோதரிகளே. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005-இல் வந்த ஆக்ஸ்பாம் அறிக்கை சொல்கிறது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! படகு கரை திரும்புவதை எதிர்பார்த்துப் பெண்கள் கரையில் நின்றதும், பிள்ளைகளை விட்டு ஓட மனம் வராததும் காரணம். நீச்சல் தெரியாததும், ஓடவிடாமல் தடுத்த உடையும்கூடக் காரணம். அந்தப் பேரலையில் நீச்சல் எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆணுக்குக் கிடைத்த வாய்ப்புகூடப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லையே.

குழுவாகக் கடலுக்குப் போகிற சகோதரிகளுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சேலை, துப்பட்டா வேண்டாம். உடம்போடு ஒட்டிய சுடிதார், முழுக்கைச் சட்டை போதும். மானத்துக்கும் குறைவில்லை, காலும் சிக்காது. முதலில் உள்ளூர் மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் இறங்காதீர்கள். பாதிப் பேர் குளிக்கும்போது பாதிப் பேர் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மூழ்குகிறவர் சினிமாவில் மாதிரி கத்துவதில்லை, சத்தமில்லாமல் போய்விடுவார். அலையடிக்கும் கடலில் நீரோட்டம் உள்ளே இழுத்தால், கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஊருக்கு வந்ததும் நாங்கள் நான்கு பேர் ஒரு நீச்சல் குளத்தில் போய்க் கேட்டோம். "லேடீஸுக்குத் தனி நேரம் கிடையாது, சொல்லிக் கொடுக்கப் பெண் ஆளும் இல்லை. கேட்டு யாரும் வர்றதில்லையே" என்றார்கள். கேட்டால்தானே கிடைக்கும்? இப்போது தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? மதினியுடையது. அதைப் போடுவதற்காகவே, நடந்ததைத் தன் கணவரிடம் அவரே சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லையாம்; மூன்றாவது நாள், "எத்தனை மணிக்கு வகுப்பு?" என்று கேட்டாராம்.

உங்கள் ஊரிலும் கேளுங்கள். மகளுக்கு நகை சேர்க்கும் முன் நீச்சலைச் சேர்த்து வையுங்கள். அடுத்த மாசியில் மறுபடியும் அரியமான் போகப் போகிறோம், வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டே. நான் சொல்வது சரிதானே தோழிகளே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.