துலக்கத் துலக்கத் தேயும் வரலாறு: மைசூர் ஜாவாக்களின் அலுமினியம்

ஆயுத பூஜை நெருங்கும்போது மைசூர் அக்ரஹாரத்தின் தெருக்களில் வண்டிகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. உள்ளே குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் புளியிட்டுத் துலக்கும் வேலை நடக்க, வெளியே அதே மனநிலையோடு பழைய ஜாவாவின், யெஸ்டியின் இஞ்சினைத் தேய்க்கும் வேலை நடக்கிறது. பித்தளைக்குப் பொருந்தும் பழக்கம் அலுமினியத்துக்குப் பொருந்துவதில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் இந்தப் பக்தி, ஒரு தொழில்நகரத்தின் கடைசிச் சான்றுகளைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

அலுமினியம் நம் வீடுகளுக்குப் புதிய உலோகம். அதற்கென ஒரு தனிப்பெயர்கூட வழக்கில் நிலைக்காமல், பலர் இன்றும் அதை 'ஈயப் பாத்திரம்' என்றே சொல்கின்றனர். சென்னைக் கலைப்பள்ளியில் 1898 வாக்கில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், பின்னர் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறை இயக்குநராகவும் இருந்தார் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஆயினும் அந்த உலோகத்தோடு வந்திருக்க வேண்டிய அறிவு வரவில்லை. இரும்பின் துரு உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் மேன்மேலும் அரிக்கவிடும். அலுமினியத்தின் ஆக்சைடு அதற்கு நேர்மாறானது. வெட்டிய கணத்திலேயே சில நானோமீட்டர் தடிமனில் படிந்து, அடியிலுள்ள உலோகத்தைக் காத்து நிற்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் உடனே மறுபடியும் படியும். ஒவ்வொரு முறையும் அந்தப் புதிய படலத்துக்கு விலையாகக் கொஞ்சம் உலோகம் போகும். தேய்க்கும் துணியில் ஏறும் கருமையை அழுக்கு என்று எண்ணித் திருப்தியடைகிறோம். அதில் பெரும்பகுதி இஞ்சினேதான்.

உண்மையான நோய்க்குறிகள் வேறு. நீர் தங்கும் மூலைகளில் தோன்றும் வெண்பொடி, உப்பு பட்ட இடங்களில் விழும் குழிகள், எஃகுத் திருகாணிகளைச் சுற்றி ஏற்படும் அரிப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை தேவைதான். சென்னையின் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு இந்தக் கவலை மிகுதி. கடலிலிருந்து தொலைவில், மேட்டுநிலத்தில் இருக்கும் மைசூரில் குறைவு. சீரான சாம்பல் மங்கல் நோயன்று, முதுமை.

யாதவகிரியில் 1961இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகளை விற்று, 1996இல் மூடப்பட்டது. தொழிற்சாலை இல்லாத நிலையில் அங்கு நடந்த வேலைக்கு வண்டிகளே ஆவணம். அந்த ஆவணத்தை வாசிக்க வேண்டிய இடம் இஞ்சினின் மேற்பரப்பு. பக்கவாட்டு மூடிகள் தொழிற்சாலையிலேயே மெருகேற்றப்பட்டவை. நடுக்கூடான க்ராங்க்கேஸ் வார்ப்பின் சொரசொரப்போடு விடப்பட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு முடிவு: எது கண்ணுக்கு, எது வேலைக்கு என்று யாரோ வகுத்திருக்கிறார்கள். இன்று 'ரெஸ்டோரேஷன்' என்ற பெயரில் க்ராங்க்கேஸையும் கண்ணாடியாக்கும்போது அந்த வகுப்பு மறைகிறது. அச்சின் இணைப்புக்கோடு, வார்ப்புக் குறிகள், அரம் போட்ட கையின் தடம் எல்லாம் மறைகின்றன. வார்ப்பின் மேல்தோல் நீங்கியதும் உள்ளிருக்கும் நுண்துளைகள் வெளிப்பட்டு, அழுக்கு முன்னைவிட விரைவில் குடியேறுகிறது. பொறித்த இஞ்சின் எண் மழுங்கினால், பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரியின் ஐயத்துக்கும் உரிமையாளரே பதில் சொல்ல வேண்டும்.

சுத்தம் செய்யவே கூடாது என்பதன்று இதன் பொருள். இரட்டை வீச்சு இஞ்சினின் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் நீக்கும். மிதமான சோப்பு நீர், நல்ல நீரில் அலசல், உடனே துடைத்து உலர்த்தல், மேலே மெல்லிய மெழுகு என்பவை போதும். காஸ்டிக் சோடா ஆக்சைடையும் உலோகத்தையும் சேர்த்தே கரைக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியப் பாத்திரம் கறுப்பதும் அதே காரத்தன்மையால்தான். சக்கரங்களுக்கென விற்கும் சில ஆசிட்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் உண்டு. அது வண்டிக்கு மட்டுமன்று, விரல் எலும்புக்கும் ஆபத்து. எஃகுக் கம்பிச்சுருளின் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னர் துருப்புள்ளிகளாகத் தலைகாட்டும். பக்க மூடிகளுக்கு மட்டும், கையால், ஆண்டுகளுக்கொரு முறை மெருகு கொடுப்பதில் குற்றமில்லை. தொழிற்சாலை செய்ததை மறுபடி செய்வது வேறு, அது செய்யாததைச் செய்வது வேறு.

'என் வண்டி, என் விருப்பம்' என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அருங்காட்சியகத்துக்கு இல்லாத அன்பும் செலவும் உரிமையாளர்களிடமிருந்தே வருகின்றன. அவர்கள் இல்லையேல் இவ்வண்டிகளில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் பழைமையின் பெயரால் சலுகை கேட்கும்போது பழைமைக்குக் கடமையும் உண்டு. 50 ஆண்டு கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய வழிவகுத்த 2021ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித்திருத்தம், வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அதன் பார்வை சட்டகம், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மேற்பரப்பு அதன் கண்ணில் படவில்லை. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டுரின் சாசனம் பேணுதலையும் புதுப்பித்தலையும் வேறுபடுத்துகிறது. நம் பழைய வண்டிக் கூடல்களிலோ அதிகம் மின்னும் வண்டிக்கே கைதட்டல்.

இதில் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார்: பஃபிங் சக்கரத்தின் முன் முகத்தில் கைக்குட்டை கட்டி நிற்கும் தொழிலாளி. அலுமினியத் துகள் நுரையீரலுக்குத் தீங்கு. காற்றில் மிதக்கும்போது வெடிமருந்துக்கு நிகர். சீனாவின் குன்ஷானில் 2014 ஆகஸ்ட் 2 அன்று கார்ச் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்தது. முதல் சில நாள்களில் 75 ஆக இருந்த இறப்பு பின்னர் 146 ஆக உயர்ந்தது. நம் ஊர்ப் பட்டறைகள் சிறியவை. அந்த அளவு தூசி அங்கே சேராமல் இருக்கலாம். ஆனால் ஒரே சக்கரத்தில் காலையில் துருப்பிடித்த இரும்பும் மாலையில் அலுமினியமும் தீட்டப்படும் இடத்தில், இருதுகள்களும் கலந்து தீப்பொறிக்குக் காத்திருக்கின்றன. மின்னும் க்ராங்க்கேஸின் விலைப்பட்டியலில் இந்தச் சுவாசத்துக்கு வரி ஏதும் இல்லை.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்களுக்கு இங்கே ஓர் எளிய, அவசர ஆய்வு காத்திருக்கிறது. இன்னும் தீட்டப்படாத ஜாவா, யெஸ்டி இஞ்சின்களை இஞ்சின் எண், வார்ப்புக்குறி, மேற்பரப்பு என்ற வரிசையில் ஒளிப்படம் எடுத்துத் தொகுப்பதும், யாதவகிரியில் வேலை பார்த்த முதியவர்களிடம் அப்படங்களைக் காட்டி எந்தத் தடம் எந்த மேசையில் விழுந்தது எனக் கேட்டுப் பதிவதும்தான் அது. ஒரு கேமராவும் ஒரு குறிப்பேடும் போதும். அடுத்த நவமிக்கு முன் தொடங்கினால் நல்லது.